நாலாவது ஹெட்லைட்

பதினோரு வருஷமாய்
அமாவாசைக்கு அமாவாசை எண்ணூருக்குப் போவான் தனக்கோட்டி,
நண்டு பிடிக்க.
அவன், எபினேசர், மீரான். மூணு ஆள், ரெண்டு வண்டி,
கொக்கி வளைத்த இரும்புக் கம்பி, ஒரு கோணிச் சாக்கு.
விடியக்காலம் தண்டையார்பேட்டை வீட்டு வாசலில்
சேறும் சிகரெட்டும் நாற நிற்பான்.
லுங்கியை அலசுவது நான்.
கதை கேட்பதும் நான்.
எல்லாக் கதையிலும்
தப்பிச்சுப் போன நண்டுதான் பெரிசு.

இந்தத் தடவை எபினேசருக்கு நைட் ஷிஃப்ட்.
நான் வர்றேன் என்றேன்.
சிரித்தான்.
அடுப்பை அணைத்துவிட்டு அவனையே பார்த்தேன்.
சிரிப்பு பாதியில் நின்றது.
"பொம்பளைங்க வந்தா நண்டு வளைக்குள்ள போயிடும்."
"போவட்டும். ரூபிகாவும் வர்றா."
எட்டு வயசுக்காரி அதற்குள்
ஸ்கூல் ஷூவை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ரிச்சி தெருவில் ஒரு ஹெட்லைட் வாங்கிவந்தான்,
நூத்தியெண்பது ரூபாய், பேரம் பேசாமல்.
அதைத்தான் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மணி ஒன்றரை. வத்தம்.
தண்ணீர் இறங்கி இறங்கி, கழி
எலும்பெல்லாம் தெரியக் கிடந்தது.
அனல்மின் நிலையத்துச் சிவப்பு விளக்குகள்
தண்ணீருக்குள் நீளமாய் ஒழுகின.
கணுக்கால் வரை சாம்பல் கலந்த சேறு.
செருப்பு ஒன்று போய்விட்டது. தேடவில்லை.
மீரான் "வாங்க அண்ணி" என்றான்,
சிகரெட்டை எடுத்தான், திரும்பப் பையில் வைத்தான்,
அவனுடைய வழக்கமான வார்த்தைகள் எல்லாம்
தொண்டையில் சிக்கிக்கொள்ள
ராத்திரி முழுக்க இருமிக்கொண்டிருந்தான், பாவம்.

என் ஹெட்லைட் ரூபிகாவின் நெற்றிக்குப் போய்,
மூக்குக்குச் சரிந்து,
அவள் முழங்காலுக்கு மட்டும் வெளிச்சம் காட்டியது.
எனக்கு விளக்கில்லை.
இருட்டில் காதுதான் மிச்சம்.

அப்போது கேட்டேன்.
அலையாத்தி வேருக்குப் பக்கத்தில் குனிந்தபடி
அவன் அவளிடம்:
"மெதுவா வா. தண்ணியக் கலக்காத.
வளை வாயில பாரு, புது மண்ணு.
உள்ள இருக்கான். அவசரமில்ல நமக்கு."

மூச்சைவிடக் கொஞ்சம் கெட்டியான குரல்.
குழம்பில் உப்பு கம்மியென்றால்
நாலு வீட்டுக்குக் கேட்கிற அதே தொண்டையில்
இது எங்கே இருந்தது?
பன்னிரண்டு வருஷம். ஒருநாள்கூட, ஜுரத்தில்கூட,
இந்தக் குரலை எனக்குத் தந்ததில்லை.
மாசாமாசம் இங்கே வந்து
நண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.
நடுராத்திரி, சேற்றில், ஒற்றைச் செருப்போடு நின்று
ஒரு நண்டைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது.

கம்பி உள்ளே போனது. கரகரவென்று இரும்பில் கொடுக்கு.
வெளியே வந்ததை அவன் காலால் அமுக்க
நூலைச் சுற்றியது நான்.
பூக்கட்டின கை, ரெண்டே சுற்று.
மீரான் "அடேயப்பா" என்றான்.
இவன் ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்ததற்கு நூலை என் கையில் வைத்தான்.
"அப்பா, அங்க" என்றாள் ரூபிகா.
அதே குரலில்.
அவளுக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது.

மூணு மணி நேரத்தில் நாலு நண்டு.
ஒன்று உள்ளங்கைகூட இல்லை, விட்டுவிட்டோம்.
அஞ்சாவது ஒன்று கழன்று ஓடியது,
சாசர் அளவு இருக்கும்.

திருவொற்றியூர் டீக்கடையில்
எபினேசர் ஷிஃப்ட் முடிந்து வந்து நின்றான்.
"எவ்ளோ பெரிசு அண்ணி?"
நான் ரெண்டு கையையும் விரித்தேன்.
தனக்கோட்டி என் கையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
டீயை ஊதினான்.
"இன்னும் கொஞ்சம் பெரிசு" என்றான்.

வீடு. வாளி. தூக்கம் கனக்கிற கண்.
குளியலறையிலிருந்து தெருவே அதிர
"ஏய், துண்டு எங்கடீ?"

பாயில் அரைத் தூக்கத்திலிருந்த ரூபிகா
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"தண்ணியக் கலக்காத."

உள்ளே குழாய் நின்றது.
சாக்குக்குள் மூணு நண்டும் பிறாண்டுவது
நன்றாகக் கேட்டது.
நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.
அவசரமில்லாமல்.